தடவிச் சொன்ன ராஜாக்கள்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது இருக்கும் ஒரே திருவிழா ஆஸ்பத்திரி வரிசைதான். சர்க்கரைக்கு ஒரு வரிசை, முழங்காலுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை. போன மாதம் நான் கண் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மருமகளின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் கண்ணை மூடியபடியே உம் கொட்டினேன்.

டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, வலது கண்ணுல பாதிக்கு மேல போயிருச்சே, இம்புட்டு நாளா தெரியலையா?" என்றாள். பிறகு, "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே பார்வை போயிருக்கா?" என்று கேட்டாள். தம்பிக்கு என்றேன். அதைக் குறித்துக்கொண்டாள். எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. வெளியே அவளுக்குக் கூட்டம் காத்திருந்தது. உங்களுக்கும் எனக்கும் அப்படி ஓர் அவசரமும் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

என் தம்பியின் கண் போன கதை இது. தை பிறந்து சித்திரை முடிவதற்குள் போனது. அது போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

அப்போது பழங்காநத்தத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டியவர், குடும்பச் சூழ்நிலையால் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டார் என்பது அவருடைய தீராத மனக்குறை. அந்தக் குறைக்கு மருந்தாக வீட்டில் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் மேல்தட்டில் ஒரு பழைய கோகோ டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பாரசீகம்.

அப்பாவின் அப்பா முதல் ஜெர்மன் சண்டையில் பஸ்ராவுக்குப் போனவர். துப்பாக்கி பிடித்துச் சுட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. கூடப் போனவர்களெல்லாம் திரும்பும்போது கம்பளியும் பூட்ஸும் கொண்டுவந்தார்கள். இவர் மட்டும் பஸ்ராக் கடைத்தெருவில் யாரோ ஒரு கிழவனிடம் வாங்கிய பழைய வெள்ளிக் காசுகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தார். எதற்காக வாங்கினார் என்று கேட்டால், "வெள்ளி சல்லிசா கெடச்சுச்சு" என்பாராம். அவ்வளவுதான் அவருக்கும் பாரசீகத்துக்கும் இருந்த உறவு. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காசுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலணா, எட்டணா மாதிரி தடித்தவை அல்ல. அகலமாக, அப்பளம் போல மெலிசாக இருக்கும். ஓரமெல்லாம் கோணல்மாணல். ஒரு பக்கத்தில் தாடி வைத்த ராஜா வலது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுபக்கத்தில் ஒரு பீடத்தின் மேல் தீ எரியும், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் காவல் நிற்பார்கள். டப்பாவைத் திறந்தவுடன் பழைய கோகோவின் கசந்த வாசனை வரும். நான் பாரசீகம் முழுக்க அப்படித்தான் மணக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எங்கள் சர்ச்சில் இந்தக் காசுகளைப் பற்றி ஒரு வதந்தி இருந்தது. மணியடிக்கும் கோயில்பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், அப்பா காசை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்கிறாதீங்க. இது யூதாஸ் வாங்குன காசுல ஒண்ணுன்னு சொல்றாங்களே?"

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "யோவ், இந்த ராஜ வம்சமே யூதாஸ் செத்து ரெண்டு நூற்றாண்டு கழிச்சுத்தான்யா வந்துச்சு!"

"அப்ப எஸ்தர் புஸ்தகத்துல வர்ற ராஜாவா சார்?"

"அது வேற பாரசீகம். இது அதுக்கு ரொம்பப் பின்னாடி. ரோமாபுரி ராஜாவையே கைதியாப் பிடிச்சு மண்டியிட வச்ச வம்சம்யா இது."

கோயில்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, காசைத் தொடாமலே காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அந்தச் சாம்ராஜ்யத்தில் ஒரு விஷயம் மிகவும் பிடிக்கும். அங்கே ஒவ்வொரு ராஜாவும் பட்டத்துக்கு வரும்போது தனக்கென்று புதிதாக ஒரு கிரீடம் செய்துகொள்வான். அப்பன் வைத்த கிரீடத்தை மகன் வைத்துக்கொள்ள மாட்டான். ஒருவனுக்குக் கோட்டைச் சுவர் மாதிரி பல் பல்லாக. ஒருவனுக்கு இரண்டு பக்கமும் சிறகு. ஒருவனுக்கு நெற்றிக்கு மேலே பிறை. ஒருவனுக்குக் கூந்தலைப் பட்டுத் துணியில் உருண்டையாகக் கட்டி உச்சியில் வைத்திருக்கும். பதவி பறிபோய்த் திரும்பக் கிடைத்தால் அதே ராஜா வேறொரு கிரீடம் செய்துகொள்வானாம். "மூஞ்சியப் பாக்காத, கிரீடத்தப் பாரு, எந்த ராஜான்னு தெரிஞ்சுரும்" என்பார் அப்பா. என் தம்பியின் விதி அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

தம்பி அப்போது மூன்றாம் வகுப்பு. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை இரண்டுமாக இருந்தான், ஆனால் மக்கு என்பது மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. கரும்பலகையில் எழுதிப் போட்டால் பாதியைத்தான் பார்த்து எழுதுவான். கணக்கில் கடைசி எண்ணை விட்டுவிடுவான். சிலேட்டில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். வகுப்பு ஆசிரியை அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். பின்வரிசைக்குப் போனதும் இருந்த பாதியும் எழுதாமல் போனான். அதே வளாகத்தில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு அது எவ்வளவு அவமானம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். "டேய் மண்டு" என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவனை அப்பா கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதுகில் அடித்துவிட்டு, பிறகு அடித்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தை மாதம் ஒரு சாயங்காலம். அப்பா பாயை விரித்துக் காசுகளைப் பரப்பி, திருநீறு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வேதக்காரர் வீட்டில் திருநீறுக்கு இருந்த ஒரே உபயோகம் வெள்ளி துடைப்பதுதான். அடுத்த வீட்டு அம்மாள் கொடுத்தது. திடீரென்று கரண்ட் போய்விட்டது. "ஒருத்தரும் அசையாதீங்க, காசு மேல கால வச்சிறப் போறீங்க" என்று அப்பா கத்தினார். அம்மா அடுக்களையில் அரிக்கேன் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

இருட்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "அப்பா, இது ரெக்கை வச்ச ராஜா."

"என்னடா?"

"இது கோட்டைச் சுவர் ராஜா. இது தலையில உருண்ட வச்சவரு."

அம்மா விளக்கைக் கொண்டுவந்தார். அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. "எப்படிடா சொன்ன?" என்றார். "தடவிப் பாத்தேன்பா" என்றான். அப்பா அவனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அவன் தலையில் தன் தாடையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். அதற்குமுன் அப்பா மடியில் அவனை நான் பார்த்ததே இல்லை. தம்பி மூச்சு விடக்கூடப் பயந்தவன் மாதிரி அசையாமல் இருந்தான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வேடிக்கை.

அப்பாவின் வெள்ளைக் கைக்குட்டைதான் திரை. அதில் மூக்குப்பொடி வாசனை அடிக்கும். தம்பியை முக்காலியில் உட்காரவைத்து அதைக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். "இப்ப இவர் யாரு?" என்று ஒரு காசைக் கையில் வைப்பார். தம்பி கட்டைவிரலால் மெல்லத் தடவுவான். உதட்டைச் சுழித்துக்கொள்வான். "ஷாப்பூர்!" அடுத்து, "பெரோஸ்!" அடுத்து, "குஸ்ரு!" வாய்க்குள் நுழையாத அந்தப் பெயர்களை அவன் சொல்லும் அழகுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். தலைமையாசிரியர் வந்தார். போதகர் வந்தார். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். எனக்கு வேலை, கடைக்கு ஓடிப்போய்ப் பன்னீர் சோடா வாங்கி வருவது. "சார், இவன் உங்களையே மிஞ்சிருவான்" என்று பேராசிரியர் சொன்னார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எங்கள் காக்கைக்குப் பொன் குஞ்சாகத் தெரிவதற்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது. அந்த அவசரத்தில் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

அம்மா பார்த்தார். அம்மா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அப்பா வீட்டார் பிராட்டஸ்டண்ட். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா ஜெபமாலையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் சோறு போடுகிற கைக்குத் தெரியாதது எது? தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தம்பி தினமும் தட்டிவிடுகிறான். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறான். படி இறங்கும்போது ஒரு காலை முன்னால் விட்டுத் துழாவுகிறான்.

"என்னங்க, பய தட்டுத் தடுமாறுறான். டாக்டர்ட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துருவோமே."

"யோசனையிலயே நடக்குறான்டி. படிக்கிற பிள்ளைன்னா அப்படித்தான்."

இன்னொரு நாள் விளக்கு வைத்த நேரத்தில் தம்பி குண்டு பல்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா, லைட்டச் சுத்தி வானவில் மாதிரி வட்டமா கலர் தெரியுது."

இன்று எந்தக் கண் ஆஸ்பத்திரிச் சுவரிலும் இதைப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் உடனே வாருங்கள் என்று. போன மாதம் அந்தப் படத்துக்கு நேர் எதிரேதான் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எங்கள் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? துள்ளி எழுந்தார். பாரசீகர்கள் ராஜாவின் தலையைச் சுற்றி ஓர் ஒளி இருப்பதாக நம்பினார்கள், ஆளப் பிறந்தவனுக்குத்தான் அந்த ஒளி வாய்க்கும் என்று விளக்கினார். "இவன் பாரு, ஒருத்தரும் சொல்லாமயே அத உணர்றான்!" என்று அம்மாவிடம் சொன்னார். அறிவு சில நேரம் எப்படிப்பட்ட முட்டாள்தனமாக மாறும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வாழ்க்கையில் கிடைக்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. கொஞ்சம் குறைவாகப் படித்திருந்தால் பயந்திருப்பார். பயந்திருந்தால் தம்பி இன்று என் முகத்தைப் பார்த்திருப்பான்.

மாசியில் திருவாதவூருக்குப் போனோம். அங்கே அம்மாவின் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் தட்டான்கள் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன. மாமா பிள்ளைகள் ஓடிப் பிடித்து வாலில் நூல் கட்டினார்கள். தம்பியும் ஓடினான். தட்டான் வலது பக்கம் போக, இவன் நேராகக் கை நீட்டி வெறுங்காற்றை அள்ளினான். மறுபடி ஓடி, வரப்புத் தடுக்கித் தாளடியில் விழுந்தான். முழங்கை எல்லாம் கீறல்.

"மாப்ள, தட்டான் அங்கிட்டு இருக்கு, நீ இங்கிட்டுப் பிடிக்கிற!" என்று மாமா மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் வெளாட்டுக்கு வரல" என்றான் தம்பி. தட்டித் தடவி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். மாமி புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் கையை விட்டு, கலந்து கிடந்த உளுந்தையும் பாசிப்பயறையும் பார்க்காமலே பிரித்துப் போட்டான். மாமி ஆச்சரியப்பட்டு எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுக்களை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கேட்டே விட்டார். "அவனுக்குக் கண்ணு தெரியலையோன்னு பயமா இருக்குங்க."

அப்பா சிரித்தார். "அவனுக்கு வெரல் நுனியில கண்ணு இருக்குடி. நீ ஏன் இப்படி அபசகுனமாப் பேசுற? ஆண்டு விழா முடியட்டும், வேணும்னா கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் வாராங்க. அதுக்குள்ள கண்ணாடி கிண்ணாடி மாட்டி விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

தம்பி அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் தூங்குவது மாதிரி இருந்தான். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், என் வளையலைத் தடவிக்கொண்டே வந்தான்.

பள்ளிக்கூட ஆண்டு விழா வெயில் காலத்தில் வந்தது. மைதானத்தில் கீற்றுப் பந்தல். பெஞ்சுகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். சாயங்கால வெளிச்சம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருட்டு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், கழுத்தில் ரோஜா மாலையுடன். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில்.

தம்பிக்கு வெள்ளைச் சட்டை, தலையில் பளபளவென்று எண்ணெய். கைக்குட்டை கட்டியாயிற்று. அப்பா ஒலிபெருக்கியில் ஒவ்வொரு ராஜாவின் கதையையும் சொல்லச் சொல்ல, தம்பி காசைத் தடவிப் பெயரைச் சொன்னான். பெரோஸ் போரில் தோற்றுத் தன் சொந்த மகனையே எதிரியிடம் பிணையாக விட்டுவிட்டு வந்த கதைக்கு உச்சுக் கொட்டினார்கள். கடைசிக் காசு ஹோர்மிஸ்துடையது. கோட்டைச் சுவர் கிரீடம்.

"இந்த ராஜாவை இவருடைய பிரபுக்களே பிடித்துச் சிறையில் போட்டார்கள். கொன்றார்களா என்றால், உடனே இல்லை. முதலில் கண்ணைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குருடாக்கினார்கள். ஏன் தெரியுமா? அந்தத் தேசத்தில் உடம்பில் ஊனம் உள்ளவன் அரியணையில் உட்கார முடியாது. கண் போனால் கிரீடம் போயிற்று. அந்தக் கிரீடம்தான், பெரியோர்களே, இந்தக் காசில் இருக்கிறது!"

அப்பாவுக்குப் பேச்சு வரும், அதை மறுக்க முடியாது. பந்தல் முழுக்கக் கைதட்டல். அப்பா பெருமையோடு கைக்குட்டையை அவிழ்த்தார். அவிழ்த்த கைக்குட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உதறிக் காட்டினார். "போப்பா, அந்தக் காசக் கொண்டுபோய் ஐயா கையில குடு" என்றார்.

விருந்தினர் கையை நீட்டிக்கொண்டு சிரித்தபடி எழுந்தார். இறங்குவதற்கு மேடையின் ஓரத்தில் படி இருந்தது. தம்பி படிப் பக்கம் போகவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, காசைப் பிடித்த கையை முன்னால் நீட்டிக்கொண்டு, நேராக நடந்தான். பலகை முடிந்த இடத்திலும் நடந்தான்.

சிலர் சிரித்தார்கள். அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நான் மேடையைப் பார்த்தேன். அப்பா அதே இடத்தில், கைக்குட்டையை உயர்த்திய கையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. சிலேட்டு, தண்ணீர்த் தம்ளர், நிலைப்படி, வானவில், தட்டான், எல்லாம். ஒரு மனிதனின் முகம் அப்படி இடிந்து விழுவதை நான் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் பார்க்கவில்லை.

தம்பிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். காசைக் கையிலிருந்து விடவே இல்லை. "அப்பா, குடுக்க முடியல, விழுந்துட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கண் டாக்டர் வயதானவர். தம்பியின் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். மூடிய இமையின் மேல் விரல் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிக்கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார். பிறவியிலிருந்தே இருந்திருக்கும், பக்கவாட்டுப் பார்வை முதலில் போயிருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேர்ப் பார்வையும் என்றார்.

"ஆபரேஷன் பண்ணினா வருமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"போனது வராதும்மா. கொஞ்சம் முந்தி வந்திருந்தா இருக்கிறதக் காப்பாத்தியிருக்கலாம். தடுமாறியிருப்பானே, ஒருத்தரும் கவனிக்கலையா?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீடு வரும்வரை பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பல வருடம் நேராகப் பார்க்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரெல்லாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியை யாரும் சொன்னதில்லை.

சித்திரை முடியும்போது தம்பிக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றாகிவிட்டது. ஆபரேஷனும் செய்தார்கள். வலி குறைந்தது, அவ்வளவுதான்.

அம்மா அரிசிப் பானையிலிருந்து ஜெபமாலையை வெளியே எடுத்தார். வெள்ளியில் கண் செய்து மாதா கோவிலுக்குக் காணிக்கை வைக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். இந்த மாதிரிக் காணிக்கைகளை அப்பா எத்தனை வருடம் கிண்டல் செய்திருக்கிறார்! அன்று எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். டப்பாவிலிருந்து ஒரு காசை எடுத்து அம்மா கையில் வைத்தார். ஹோர்மிஸ்து.

திருப்பரங்குன்றத்தில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு வெள்ளிக் கடை இருந்தது. ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய வெள்ளிம்மா, சுத்தமா இருக்கு. உருக்கிறவா? மனசாரச் சொல்லுங்க" என்றார். அப்பாதான் தலையை அசைத்தார். மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் போட்டு நெருப்பை ஊதினார்கள். கோட்டைச் சுவர் கிரீடம் முதலில் மங்கியது, பிறகு தாடி, பிறகு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு துளியாகச் சுருண்டது. சின்ன வேலைதான், வெயில் சாய்வதற்குள் இரண்டு கண்களை வெட்டி, நடுவில் கருவிழிக்கு ஒரு புள்ளி குத்திக் கொடுத்துவிட்டார். தம்பி அதை வாங்கித் தடவினான். "இது யாருப்பா?" என்று கேட்டான். பழக்க தோஷம். அப்பா கடையை விட்டு வெளியே போய்விட்டார்.

மாதா கோவிலுக்குள் அப்பா வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நிழலில் நின்றவருக்குக் குடை எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. முகத்தை மறைக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. உள்ளே மாதாவின் காலடியில் இருந்த தட்டில் கை, கால், தொட்டில், வீடு என்று நிறைய வெள்ளிச் சாமான்கள் கிடந்தன. அதில் எத்தனையோ கண்கள். அம்மா எங்கள் கண்களை அவற்றின் மேல் வைத்தார். அடுத்த வாரம் போனபோது எது எங்களுடையது என்று அடையாளம் தெரியவில்லை. எந்தப் பலனும் இல்லை.

அப்பா அதற்குப் பிறகு பாரசீகம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. பாடத்தில் அந்த இடம் வந்தால் பையன்களையே வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே பார்ப்பாராம். சர்ச்சில் எஸ்தர் புத்தகம் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொள்வார். தம்பியை மடியில் வைத்துக்கொண்டதும் இல்லை. மண்டு என்று சொன்னதும் இல்லை. அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், வெளியாளைக் கூப்பிடுவது மாதிரி. தம்பி அப்போதெல்லாம் குரல் வந்த திசைக்குத் திரும்பி, கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் இருப்பான். அவன் கையில் யாரும் எதையும் வைக்கவில்லை.

அப்பாவும் போனார், அம்மாவும் போனார். தம்பி படித்தான். ஓர் ஆபீசில் டெலிபோன் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னோடுதான் இருக்கிறான். இரண்டு கிழங்கள், ஒரு ரேடியோ.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். "என்னக்கா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லடா. வயசாயிருச்சாம்."

அவன் ரேடியோவை நிறுத்தினான். "அந்த டப்பாவ எடு" என்றான்.

எவ்வளவோ வருடம் ஆயிற்று அதைத் தொட்டு. பஞ்சு மஞ்சளாகிவிட்டது, கோகோ வாசனை போயே போய்விட்டது. காசுகளை மடியில் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினான். பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"என்னது?"

"எனக்குத் தெரியலங்கிறது. பக்கவாட்டுல ஒண்ணுமே இருக்காது. நேரா மட்டும், குழாய்க்குள்ள பாக்குற மாதிரி. அப்புறம் அதுவும் கலங்கிருச்சு. மேடையில ஏறும்போதெல்லாம் சுத்தமா இல்ல."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவாருல்ல. கர்ச்சீப்பக் கட்டுனா நான் ராஜா. அவுத்தா மண்டு." காசின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "அவரு கட்டும்போது கை என் காதுல படும்க்கா. அதுக்காகவே இருந்தேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீ அப்பாட்டச் சொல்லிருவ."

ஆமாம், சொல்லியிருப்பேன். அழுகையாக வந்தது. சத்தம் வராமல் அழுதேன், அவனிடம் அது பலிக்காது என்று தெரிந்தும். அவன் மறுபடியும் கேட்டான். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சொன்னேனேடா. வயசாயிருச்சுன்னு."

அவன் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தான். உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு காசை வைத்து மூடினான்.

"இது யாரு, சொல்லு பாப்போம்."

சன்னல் வழியாக மத்தியான வெயில் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். சிறகா, பிறையா, கோட்டைச் சுவரா என்று தேடித் தேடிப் பார்த்தேன். மெலிசான ஒரு தகடு என்பதற்குமேல் என் விரலுக்கு எதுவும் எட்டவில்லை.

"ஒண்ணும் தெரியலடா" என்றேன்.

"பழகிக்கக்கா" என்றான் தம்பி.